பிரெய்ரி நாவல்கள்: முதல் புத்தகத்தை எடுப்பதற்கு முன்

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில், நான் போகும் கிறிஸ்தவ சபையில் ஒரு வயதான அம்மா மளிகைப் பை நிறைய பிரெய்ரி நாவல்களை, அதாவது வட அமெரிக்கப் புல்வெளியில் அந்தக் காலத்தில் குடியேறியவர்களைப் பற்றிய காதல் கதைகளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். மொத்தம் பதினொன்று. எல்லா அட்டையிலும் மஞ்சள் புல்வெளி, நீளப் பாவாடை கட்டிய ஒரு பெண், தூரத்தில் ஒரு குதிரை வண்டி. "இந்த ஊரைப் பழகிக்கொள்ள இது உதவும்" என்றார்.

இருப்பதிலேயே அழகான அட்டையாகப் பார்த்து ஒன்றை எடுத்தேன். யார் யாருக்கு மகள், எந்தக் கணவன் எப்போது இறந்தான் என்று ஒன்றும் பிடிபடவில்லை. அறுபது பக்கத்தோடு மூடிவைத்தேன். அது ஒரு தொடரின் ஐந்தாவது புத்தகம் என்று தெரியவே எட்டு மாதம் ஆயிற்று. அப்புறம் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இப்போது இந்தக் கதைகள் இல்லாமல் எனக்குக் குளிர்காலம் போவதில்லை. உங்களுக்கு அந்த எட்டு மாதம் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. பெயரைச் சரியாகப் பிடியுங்கள்

புத்தகக் கடையிலோ இணையத்திலோ "இன்ஸ்பிரேஷனல்" என்று மட்டும் தேடினால் சுயமுன்னேற்றப் புத்தகங்கள் வந்து குவியும். அமெரிக்க, கனடியப் பதிப்பகங்கள் நாவலுக்கு இந்தச் சொல்லைப் போட்டால் அதற்குப் பொருள் வேறு. கிறிஸ்தவ விசுவாசம் கதையின் உள்ளேயே ஓடும், படுக்கையறைக் காட்சி இருக்காது, கெட்ட வார்த்தை இருக்காது என்பதுதான் அதன் அடையாளம். அதனால் "இன்ஸ்பிரேஷனல் ஹிஸ்டாரிக்கல் ரொமான்ஸ்" என்று முழுதாகத் தேடுங்கள், கூடவே "பிரெய்ரி" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

அட்டைப் படத்தை மட்டும் நம்பாதீர்கள். தலையில் துணிக்குல்லாய் போட்ட பெண் இருந்தால் அது ஆமிஷ் நாவலாகவும் இருக்கலாம். ஆமிஷ் என்பது பழைய முறையில் எளிமையாக வாழும் ஒரு கிறிஸ்தவப் பிரிவு. அந்த நாவல்கள் தனி வகை, பெரும்பாலும் இந்தக் காலத்தில் நடப்பவை. பின்னட்டையைத் திருப்பி இடமும் வருடமும் பாருங்கள். நெப்ராஸ்கா, கன்சாஸ், டகோட்டா, மினசோட்டா, மானிட்டோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா என்று ஏதாவது ஒன்றும், 1860களுக்கும் 1910களுக்கும் இடையில் ஒரு வருடமும் இருந்தால் சரியான புத்தகம்தான்.

ஒரு எச்சரிக்கை. காதல் கதை என்பதால் மென்மையாகவே போகும் என்று நினைத்துவிடாதீர்கள். பிரசவத்தில் தாய் இறப்பாள், குழந்தை காய்ச்சலில் போகும், கணவன் முதல் அத்தியாயத்திலேயே இறந்துகிடப்பான். சமீபத்தில் இழப்பைச் சந்தித்தவர்கள் பின்னட்டையை நன்றாகப் படித்துவிட்டு எடுங்கள். என் தோழி ஒருத்தி குழந்தையை இழந்து மூன்று மாதத்தில் இப்படி ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டுத் தவித்தது எனக்குத் தெரியும்.

2. காசு கொடுத்து வாங்காதீர்கள், நூலக அட்டை எடுங்கள்

இந்த நாவல்கள் தொடர் தொடராகத்தான் வரும். ஒரு தொடரில் நான்கு, ஆறு, எட்டு என்று புத்தகங்கள் இருக்கும். புதிதாக வாங்க ஆரம்பித்தால் கை தாங்காது. கனடாவில் நீங்கள் குடியிருக்கும் ஊரின் பொது நூலகத்தில் பெரும்பாலும் அட்டை இலவசம். கேட்பது இரண்டுதான்: உங்கள் பெயர் காட்டும் அடையாள அட்டை ஒன்று, இப்போதைய முகவரி காட்டும் சான்று ஒன்று. புதிதாக வந்தவர்கள் பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், நானும் அப்படித்தான் போனேன். பாஸ்போர்ட்டில் இந்த ஊர் முகவரி இருக்காதே. வாடகை ஒப்பந்தம், மின்சார பில், வங்கிக் கடிதம் என்று ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். அரை மணி நேரத்தில் அட்டையோடு வெளியே வந்துவிடலாம்.

சஸ்காச்சுவானில் ஒரு பெரிய வசதி உண்டு. மாகாணம் முழுவதும் பொது நூலகங்கள் ஒரே பட்டியலில் இணைந்திருக்கின்றன. உங்கள் ஊரில் இல்லாத புத்தகத்தை வேறு ஊரிலிருந்து வரவழைக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. சின்னக் கிராம நூலகங்களில்தான் இந்த வகை நாவல்கள் நிறைய இருக்கும். பெரிய நகரக் கிளையில் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். எனக்கு வந்த பல பிரதிகளில் நான் கேள்விப்பட்டேயிராத ஊர்களின் முத்திரை இருந்தது.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் மின்நூலாக வாங்குவதே சுலபம். முதல் பாகத்தை மலிவு விலைக்கோ இலவசமாகவோ அடிக்கடி தள்ளிவிடுவார்கள், ஆசைப்பட்டு அடுத்ததை வாங்கவைப்பதற்காக. முதல் பாகத்தைப் படித்து முடித்த பிறகே இரண்டாவதை வாங்குங்கள். நூலக மின்நூல்களைப் படிக்க உதவும் லிப்பி செயலியில் இரவல் வாங்க, அதில் சேர்ந்திருக்கும் ஒரு நூலகத்தின் அட்டை வேண்டும். செயலியை மட்டும் இறக்கிவைத்து ஒன்றும் ஆகாது.

கையில் புத்தகமாகவே வேண்டும் என்பவர்களுக்குப் பழைய பொருள் கடைகள் இருக்கின்றன. கனடாவில் மெனோனைட் என்கிற கிறிஸ்தவப் பிரிவினர் நடத்தும் கடைகளில் ஒரு அலமாரி முழுக்க இவைதான் இருக்கும். நான் ஒரு பிரதிக்கு இரண்டு டாலருக்கு மேல் கொடுத்ததில்லை.

3. முதல் புத்தகம்

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வது ஜேனட் ஓக் எழுதிய "லவ் கம்ஸ் சாஃப்ட்லி". ஆல்பர்ட்டாவில் பிறந்தவர். 1979ல் வந்த இந்த நாவலைப் பார்த்துத்தான் பதிப்பகங்கள் இந்த வகைக்கு வாசகர் இருக்கிறார்கள் என்று நம்பின. சின்னப் புத்தகம், இருநூற்றுச் சொச்சம் பக்கம். தினம் ஒரு மணி நேரம் படித்தால் ஒரு வாரத்தில் முடியும்.

கதை இதுதான். மார்ட்டி என்கிற இளம்பெண் கணவனோடு மேற்கே வருகிறாள். வந்த இடத்தில் கணவன் இறந்துபோகிறான். கையில் காசில்லை, வயிற்றில் குழந்தை, குளிர்காலம் நெருங்குகிறது. மனைவியை இழந்த கிளார்க் என்பவர், தன் சின்னக் குழந்தைக்கு ஒரு தாய் வேண்டும், அதற்காக மட்டும் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்கிறார். வசந்தத்தில் அவள் ஊர் திரும்ப விரும்பினால் வழிச்செலவைத் தானே தருவதாகவும் சொல்கிறார். அவளுக்குச் சமைக்கத் தெரியாது. வேளாவேளைக்கு அதே பான்கேக்தான். அவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து வேலைக்குப் போகிறார்.

இந்த இடத்தில்தான் பாதிப் பேர் "ஒன்றுமே நடக்கவில்லையே" என்று புத்தகத்தை மூடுகிறார்கள். மூடாதீர்கள். இந்த நாவல்களில் காதல் வார்த்தையாக வராது, வேலையாக வரும். விடியுமுன் யார் எழுந்து அடுப்பு மூட்டியது, விறகுப் பெட்டி எப்போது நிறைந்தது, யாருடைய காலணிக்கு யார் எண்ணெய் தடவிவைத்தது என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். நம் அப்பாக்கள் பலர் "உன்மேல் பிரியம்" என்று வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ஆனால் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் தண்ணீர்க் குடத்தைத் தானே தூக்கிவந்து வைப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதைகள் சீக்கிரம் பிடிபடும்.

படத்தை முதலில் பார்த்துவிடாதீர்கள். 2003ல் வந்த தொலைக்காட்சிப் படத்தில் கிளார்க்கின் மகள் வளர்ந்த சிறுமி. புத்தகத்தில் அவள் தத்தித் தத்தி நடக்கும் குழந்தை. இது ஒன்றே கதையின் எடையை மாற்றிவிடுகிறது. அதே எழுத்தாளரின் "வென் கால்ஸ் தி ஹார்ட்" இன்னும் குழப்பும். 2014 முதல் வரும் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு நாவலை எடுத்தால், தொடரில் வந்த ஜாக்கைத் தேடிக்கொண்டே இருப்பீர்கள். நாவலில் அவர் இல்லை, ஆசிரியை எலிசபெத் சந்திப்பது வின் என்கிற காவல்காரரை.

4. வரிசையும் காப்புரிமைப் பக்கமும்

நான் அதிகம் அடிபட்டது இதில்தான். தலைப்புகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும், கதைகள் மூன்று தலைமுறைக்கு நீளும். மார்ட்டி தொடரின் வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள்: லவ் கம்ஸ் சாஃப்ட்லி (1979), லவ்ஸ் எண்டியூரிங் பிராமிஸ் (1980), லவ்ஸ் லாங் ஜர்னி (1982), லவ்ஸ் அபைடிங் ஜாய் (1983), லவ்ஸ் அன்எண்டிங் லெகசி (1984), லவ்ஸ் அன்ஃபோல்டிங் ட்ரீம் (1987), லவ் டேக்ஸ் விங் (1988), லவ் ஃபைண்ட்ஸ் எ ஹோம் (1989). முதல் நான்கையும் விடாமல் படியுங்கள். மீதியை விருப்பம்போல வைத்துக்கொள்ளலாம்.

அட்டை பத்து வருடத்துக்கு ஒருமுறை மாறும். இணையத்தில் பழைய புத்தகம் விற்கும் ஒருவரிடம் "அடுத்த பாகம்" என்று வாங்கிப் பிரித்தால், ஏற்கெனவே என்னிடம் இருந்த மூன்றாம் பாகமே வேறு அட்டையில் வந்திருந்தது. அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். புத்தகத்தைத் திறந்ததும் தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தை, அதாவது காப்புரிமைப் பக்கத்தைப் பார்ப்பேன். பொடி எழுத்தில் முதல் பதிப்பு வந்த வருடம் இருக்கும். மேலே சொன்ன வருடத்தோடு ஒத்துப்போனால் அதே புத்தகம், மறுபதிப்பு வருடம் என்னவாக இருந்தாலும் சரி. இணையத்தில் வாங்கும்போது விற்பவரிடம் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்று நாவலை ஒரே கட்டாகப் போட்ட பதிப்புகளும் உண்டு, அவற்றைத் தனித்தனிப் பிரதிகளோடு கலந்து வாங்கினால் இரட்டிப்புச் செலவுதான்.

நூலகத்தில் எட்டையும் ஒரே நாளில் கேட்டுவைக்காதீர்கள். எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும், மூன்று வாரத்தில் திருப்பித் தரவேண்டும். இரண்டு இரண்டாகக் கேளுங்கள். முதலாவதில் பாதி தாண்டியதும் மூன்றாவதுக்குச் சொல்லிவைத்தால் இடைவெளி விழாது.

இரண்டாவது தொடருக்கு லாரெய்ன் ஸ்னெல்லிங். 1996ல் வந்த "ஆன் அன்டேம்ட் லேண்ட்" முதல் பாகம். நார்வேயிலிருந்து டகோட்டாவின் ரெட் ரிவர் பள்ளத்தாக்குக்கு வரும் குடும்பம். பக்கங்கள் அதிகம், உழைப்பும் சாவும் அதிகம். முதல் புத்தகமாக இதை எடுக்க வேண்டாம், பழகின பிறகு எடுத்தால் கீழே வைக்க மனம் வராது.

5. வார்த்தைகளில் இடறும் இடங்கள்

அகராதி உதவாத சொற்கள் இவை. "டின்னர்" என்றால் இந்தக் கதைகளில் மதியச் சாப்பாடு, இரவுக்குச் "சப்பர்". இது தெரியாமல் படித்தால் டின்னர் முடித்துவிட்டு ஏன் உழப் போகிறார்கள் என்று புரியாது. "பிஸ்கட்" நம் தேநீரில் தோய்க்கும் பிஸ்கட் இல்லை, அடுப்பில் சுட்ட மெத்தென்ற சின்ன ரொட்டி. "கார்ன்" மக்காச்சோளம். "குவார்ட்டர்" 160 ஏக்கர், அரை மைலுக்கு அரை மைல். "டீம்" என்பது ஜோடிக் குதிரை அல்லது எருது. "சாடி" என்பது புல்வேரோடு வெட்டி எடுத்த மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீடு. கட்டிகள் ஒரு அடி அகலம், இரண்டு மூன்று அடி நீளம் இருக்கும். மழை நின்ற பிறகும் கூரையிலிருந்து சேறு சொட்டுவது இதனால்தான். கனடியக் கதையில் "ஸ்லௌ" என்பதுபோல எழுதியிருப்பதை "ஸ்லூ" என்று படியுங்கள், தேங்கின நீர்க்குட்டை.

பாத்திரங்கள் பேசும் கொச்சை இன்னொரு தடை. எழுத்துகளை விழுங்கி எழுதியிருப்பார்கள். கண்ணால் படித்தால் நின்றுவிடுவீர்கள். வாய்விட்டுப் படியுங்கள், உடனே புரியும். இரண்டு அத்தியாயத்துக்குப் பிறகு வாய்விட்டுப் படிக்கவும் தேவைப்படாது. ஸ்னெல்லிங் நாவல்களில் நார்வேச் சொற்கள் வரும்: "மாங்கே டாக்" நன்றி, "தாந்தே" அத்தையோ சித்தியோ, "பெஸ்தமோர்" பாட்டி.

6. நிலப் பத்திரம் புரிந்தால் பாதிக் கதை புரியும்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கதையில் திடீரென்று "ஐந்து வருடம் முடியப்போகிறது" என்று எல்லோரும் பதறுவார்கள். எதற்கு என்றே தெரியாமல் மூன்று நாவல் படித்தேன்.

அமெரிக்காவில், குடியேறுபவர்களுக்கு அரசு நிலம் தரும் 1862ம் வருட ஹோம்ஸ்டெட் சட்டப்படி 21 வயதானவர், அல்லது குடும்பத் தலைவராக இருப்பவர், 160 ஏக்கருக்கு மனுப் போடலாம். நில அலுவலகத்தில் கட்டவேண்டிய கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர். பிறகு ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் விட்டுப் போனால் உரிமை போய்விடும். கடைசியில் இரண்டு சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு போய் நிரூபித்தால்தான் பட்டா. இதைத்தான் "ப்ரூவிங் அப்" என்கிறார்கள். பொறுக்க முடியாதவர்கள் ஆறு மாதம் குடியிருந்துவிட்டு ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டியும் வாங்கலாம். கதையில் வில்லன் பணத்தோடு வந்து நின்றால் இந்த வழி நினைவில் இருக்கட்டும்.

இப்போது பாருங்கள். கல்யாணமாகாத பெண்ணும் விதவையும் அமெரிக்காவில் தன் பெயரில் மனுப் போடலாம். கல்யாணமான பெண் பொதுவாகப் போட முடியாது. அப்படியானால் நாயகி "சரி" என்று சொல்வது ஒரு ஆணுக்குச் சொல்லும் சரி மட்டும் இல்லை, அவள் தனியாக நின்று பிடித்த நிலத்தின் கணக்கும் அதில் இருக்கிறது. இரண்டு அத்தியாயம் அவள் யோசித்தால் நமக்குப் பொறுமை போகக்கூடாது.

கனடாவில் 1872ம் வருடச் சட்டம் வேறு. கட்டணம் 10 டாலர், குடியிருப்பு மூன்று வருடம். ஆனால் 1876க்குப் பிறகு, பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றும் விதவை போன்றவர்களைத் தவிர, பெண்களுக்கு இலவச நிலம் கிடையாது. கனடியக் கதைகளில் தனியாக வரும் பெண் பெரும்பாலும் ஆசிரியையாகவோ செவிலியராகவோ இருப்பதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

அத்தியாயத் தலைப்பில் போட்டிருக்கும் வருடத்தையும் கவனியுங்கள். கன்சாஸ், 1874 என்று இருந்தால் வெட்டுக்கிளி வரப்போகிறது. நெப்ராஸ்காவோ டகோட்டாவோ, 1888 ஜனவரி என்று இருந்தால் 12ம் தேதிப் பனிப்புயல். காலையில் இதமான வெயிலை நம்பி மெல்லிய உடுப்போடு பள்ளிக்குப் போன பிள்ளைகள் அதில் சிக்கினார்கள். அந்த அத்தியாயத்தை ராத்திரி தூங்கப்போகும் முன் ஆரம்பிக்காதீர்கள்.

7. வேதாகமத்தைப் பக்கத்தில் வையுங்கள்

ஜெபமும் வசனமும் வரும் பக்கங்களைத் தாண்டிவிடும் ஆசை வரும். அங்கேதான் கதை திரும்புகிறது. கணவனைப் புதைத்துவிட்டு வந்தவளுக்குக் கடவுள்மேல் கோபம் இருக்கும். அந்தக் கோபம் எப்படிக் கரைகிறது என்பது காதல் கதைக்கு இணையாக ஓடும் இன்னொரு கதை.

பாத்திரங்கள் சொல்லும் வசனங்கள் கிங் ஜேம்ஸ் என்கிற பழைய ஆங்கில வேதாகமத்திலிருந்து வருபவை. புரியாவிட்டால் அதிகார எண்ணை வைத்து நம் தமிழ் வேதாகமத்தில் பாருங்கள். சங்கீதம் 23, ரோமர் 8:28, ரூத் 1:16 மூன்றும் எந்தத் தொடரிலும் ஒருமுறையாவது வந்துவிடும். "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்" என்று ரூத் மாமியாரிடம் சொல்வதைத் தமிழில் படித்துவிட்டு நாவலுக்குத் திரும்பினால், மாமியாரோடு ஒரே மண்வீட்டில் அடைந்துகிடக்கும் அந்தப் பெண்ணின் குளிர்காலம் வேறு மாதிரித் தெரியும்.

கிறிஸ்தவர் அல்லாதவர்களும் படிக்கலாம். என்னோடு வேலை செய்யும் இந்துத் தோழி நான்கு பாகம் முடித்துவிட்டாள். பிரசங்கம் நீளும் இடம் தனக்குக் கொஞ்சம் அதிகம் என்பாள். உண்மைதான், சில நாவல்களில் அது கதையை விட்டு விலகி நிற்கிறது. நல்ல நாவலில் அப்படி நிற்காது.

8. கதையில் இல்லாதவர்கள்

இதை மறைத்துவிட்டுப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. பல நாவல்களில் அந்தப் புல்வெளி ஆளில்லாத வெற்றிடமாக வருகிறது. அது வெற்றிடமாக இருந்ததில்லை. லக்கோட்டா, செயென், கிரீ மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். நான் குடியிருக்கும் இடம், முதல்குடி மக்களுக்கும் அரசுக்கும் இடையே 1876ல் கையெழுத்தான ஆறாம் ஒப்பந்தத்தின் நிலம். முதல்குடி மக்கள் கதையில் வந்தாலும் பயமுறுத்தவோ, மனம் திரும்பவோ மட்டும் வருகிற நாவல்கள் உண்டு, பழையவற்றில் அதிகம். பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்கும் முன் நீங்கள் படித்துவிடுங்கள், கொடுத்த பிறகு இதைப் பற்றி அவர்களோடு பேசுங்கள். நான் என் மகளோடு அப்படித்தான் படித்தேன். "அவங்க எங்கே போனாங்க அம்மா?" என்று அவளே கேட்டாள்.

9. ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள்

இரண்டு புத்தகம் முடித்த பிறகு, இந்தப் பக்கம் இருப்பவர்கள் சஸ்கட்டூனில் உள்ள வெஸ்டர்ன் டெவலப்மென்ட் மியூசியத்துக்குப் போங்கள். உள்ளே 1910ம் வருட ஊர் ஒன்றின் தெருவையே கட்டிவைத்திருக்கிறார்கள். கடை, சபை, வீடுகள் எல்லாம் உண்டு. நுழைவுக் கட்டணத்தை அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், அரை நாள் ஒதுக்குங்கள். படிக்கும் முன்பே போனால் பழைய சாமான்களாகத்தான் தெரியும். எனக்கு முதல்முறை அப்படித்தான் தெரிந்தது. இரண்டாம் முறை போனபோது இரும்பு அடுப்பின் முன்னால் நின்றேன். பக்கத்தில் விறகுப் பெட்டி இருந்தது. எத்தனை கட்டை இருக்கிறது என்று என்னை அறியாமல் எண்ண ஆரம்பித்திருந்தேன்.